மலையாளக் கரையிலிருந்து வந்த ஆங்கில டீச்சர்: ஒரு பாடசாலை அவரை எப்படி எழுதிவைப்பது?

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலை. 1950களில் கேரளப் பக்கத்திலிருந்து வந்து, அங்கே முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆங்கிலம் படிப்பித்த ஒரு டீச்சர் காலமாகிவிட்டார். பாடசாலை மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதவேண்டும் என்று பழைய மாணவிகள் கேட்கிறார்கள். கையில் இருப்பது ஒரு குழுப்படமும் கொஞ்சம் ஞாபகங்களும்தான். எங்கே தொடங்குவது, எதைத் தேடுவது, எப்படி எழுதுவது?

முதலில் காலத்தைச் சொல்லவேண்டும். மலர் அச்சுக்குப் போக ஒரு மாதம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால் புகழுரை மட்டும்தான் எழுதமுடியும். குறைந்தது ஆறு மாதம் வேண்டும். கந்தோர்களுக்குக் கடிதம் போட்டுப் பதில் வரவேண்டும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவிகளைப் பிடிக்கவேண்டும், கேரளத்தில் எங்கோ ஒரு பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவைத் தேடவேண்டும். இவை ஒன்றும் அவசரத்துக்கு நடக்கிற காரியங்கள் அல்ல.

திருகோணமலைக்கு வெளியூர் ஆசிரியர்கள் புதிதல்ல. 1895 முதல் பிரெஞ்சு யேசுசபையினர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசுசபையினர், இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே மெதடிஸ்த மிஷனரிமார் என்று பலர் வந்து படிப்பித்த ஊர். அவர்களைப் பற்றி எழுதுவது இலகு. மெதடிஸ்த மிஷனின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் (ஆசிய, ஆபிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி) நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சபை தன் ஆளை மறப்பதில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்கு வந்த ஒரு மலையாளப் பெண்ணுக்கு அப்படி ஒரு காப்பகம் எங்கும் கிடையாது. அவர் எந்தச் சபையின் சரித்திரத்திலும் ஏறமாட்டார். இந்தியாவில் அவரைத் தெரிந்த தலைமுறை போயிருக்கும். அவருடைய காப்பகம் உங்கள் பாடசாலை அலுமாரிதான். அதனால்தான் இந்த வேலையைச் சரியாகச் செய்யச் சொல்கிறேன்.

அலுமாரியில் முதலில் எடுக்கவேண்டியது சம்பவத்திரட்டுப் புத்தகம், பழைய ஆட்களின் வாயில் ‘லொக் புத்தகம்’. அதிபர் தன் கையால் எழுதுகிற பதிவு. ஆசிரியர் கடமையேற்ற நாள், பரிசோதகர் வந்த நாள், வகுப்பைப் பார்த்து அவர் எழுதிவைத்த குறிப்பு, வெள்ளத்தால் பாடசாலை பூட்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். 1950களின் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். டீச்சரின் பெயரை மட்டும் தேடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினால் பாதி தவறிப்போகும். ‘ஆங்கில ஆசிரியை’ என்று பெயர் இல்லாமல் எழுதியிருப்பார்கள், அல்லது முதலெழுத்துக்கள் மட்டும் இருக்கும். அவர் வந்ததாக நம்பப்படும் வருடத்துக்கு இரண்டு வருடம் முன்னிருந்து வரிவரியாக வாசியுங்கள்.

அடுத்தது ஆசிரியர் வரவு இடாப்பு. இதை யாரும் வாழ்க்கை வரலாற்று ஆவணமாக நினைப்பதில்லை, ஆனால் புலம்பெயர்ந்து வந்த ஒருவருக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. எந்த வருடம் ஒரு மாதத்துக்கு மேல் லீவு எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். தவணை விடுமுறையோடு ஒட்டி எடுத்த நீண்ட லீவு ஊருக்குப் போன பயணமாக இருக்கலாம். தவணை நடுவில் திடீரென விழுந்த நீண்ட லீவு வீட்டில் ஒரு மரணமாகவோ சுகவீனமாகவோ பிரசவமாகவோ இருக்கலாம். இடாப்பு காரணத்தைச் சொல்லாது. நாளைச் சொல்லும். அந்த நாளைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தாரிடமும் மாணவிகளிடமும் கேட்டால் காரணம் வரும். பத்து வருடமாக ஒரு முறையும் நீண்ட லீவு இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏன் என்பதற்குக் கீழே குடியுரிமை பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

மாணவர் சேர்விடாப்பு இன்னொரு வகையில் உதவும். சேர்வு இலக்கம், சேர்ந்த திகதி, பிறந்த திகதி, பெற்றோர் பெயர், விலகிய திகதி என்று அதில் வரும். டீச்சர் படிப்பித்த வருடங்களில் எந்த மாணவிகள் இருந்தார்கள் என்ற பட்டியலை அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் மட்டுமே மாணவிகள் என்று நினைத்தால், இடையில் படிப்பை விட்டவர்களின் குரல் வராது. ஒரு மொழி ஆசிரியரைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுபவர்கள் முதற்பரிசு வாங்கியவர்களாகவே இருக்கவேண்டும் என்றில்லை.

சம்பவத்திரட்டு இல்லையென்றால்? திருகோணமலையில் இது நடக்கக்கூடியதுதான். 1964 டிசம்பர் சூறாவளி, 1983 ஜூலைக் கலவரம், 1990 ஜூன் யுத்தம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று ஒவ்வொன்றிலும் காகிதம் போயிருக்கிறது. அப்படியானால் மாணவிகளின் வீடுகளுக்குப் போகவேண்டும். பழைய தேர்ச்சி அறிக்கைகளில் வகுப்பாசிரியரின் ஒப்பமும் தவணையும் வருடமும் இருக்கும். ஓட்டோகிராப் புத்தகங்களைக் கட்டாயம் கேளுங்கள். 60களிலும் 70களிலும் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் ஆசிரியர்களிடம் அதில் எழுதி வாங்குவார்கள். டீச்சரின் கையெழுத்து, திகதி, அவர் தெரிந்தெடுத்து எழுதிய ஒரு வரி மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் பல பாடசாலைகளின் சஞ்சிகைகளும் சிறப்பு மலர்களும் மின்வடிவில் இருக்கின்றன. உங்கள் பாடசாலையிலேயே இல்லாத ஒரு மலர் அங்கே இருக்கலாம்.

ஆவணங்கள் எங்கே இருக்கும் என்பதை நிர்ணயிப்பது ஒரு சட்டம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த வருடத்தின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை, அதாவது அரசின் நிதியுதவியோடு மிஷன்களும் சபைகளும் நடத்திய பாடசாலைகளை, அரசின் கீழ் கொண்டுவந்தன. 1960 டிசம்பருக்கு முன் அவர் வந்திருந்தால், நியமனம் கொடுத்தது மிஷன் அல்லது சபை முகாமையாளர். அந்தக் கடிதம் திருச்சபைக் காரியாலயத்தில் இருக்கலாம், அரசாங்கக் கோவையில் இருக்காது. அதற்குப் பிந்திய சேவை அரசாங்கச் சேவை, அதற்கென்று சுயவிபரக் கோவை உண்டு. பாடசாலை தேசியப் பாடசாலை என்றால் கோவை பத்தரமுல்லை இசுறுபாயவிலுள்ள கல்வி அமைச்சோடும், மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனையோடும் மாகாணத் திணைக்களத்தோடும் தொடர்புபட்டது. ஓய்வூதியம் பெற்றிருந்தால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிலும் ஒரு கோவை இருந்திருக்கும்.

இங்கே பலர் விடும் பிழை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாடசாலையின் பெயரில் விண்ணப்பம் போடுவார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சரி. ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவல்களை மறுக்க இடம் கொடுக்கிறது. மூன்றாம் ஆள் கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டித் திருப்பிவிடலாம். டீச்சரின் பிள்ளையோ நெருங்கிய உறவினரோ மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை இணைத்து, ‘கடமையேற்ற திகதி, சேவையாற்றிய பாடசாலைகள், ஓய்வுபெற்ற திகதி’ என்று மூன்றே விடயங்களைக் குறித்துக் கேட்பது நல்லது. முழுக் கோவையையும் கேட்டால் யாரும் எடுத்துக்கொடுக்கமாட்டார்கள்.

மரணப் பதிவு இங்கே நடந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம், தெரியாவிட்டால் காலத்தைக் குறித்துத் தேடச் சொல்லவேண்டும். பத்திரத்தில் பெற்றோரின் பெயரும் இறந்தவரின் தொழிலும் இருக்கும். ஆனால் அது தகவல் கொடுத்தவர் சொன்னது. துக்க வீட்டில் நின்ற அயலவர் சொன்ன வயதும் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்கலாம். அதை முடிந்த முடிவாக எடுக்காதீர்கள்.

பெயருக்கு வருவோம். இதில்தான் அதிகமான மலர்கள் சறுக்குகின்றன. நாங்கள் முதலெழுத்தைத் தகப்பன் பெயர் என்றே வாசித்துப் பழகிவிட்டோம். மலையாளத்தில் அப்படியல்ல. சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெயருக்கு முன் வரும் இரண்டு எழுத்துக்களில் ஒன்று பெரும்பாலும் வீட்டுப் பெயர், மற்றது தகப்பன் பெயர். நாயர் குடும்பங்களில் அது தாய்வழித் தறவாட்டின், அதாவது கூட்டுக் குடும்ப வீட்டின், பெயராக இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு எழுத்துக்கள் மாறும். ஆகவே 1954ல் ஓர் எழுத்தோடும் 1962ல் வேறு எழுத்தோடும் ஒரு பெயர் வந்தால் இரண்டு பேர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒலிபெயர்ப்பும் குழப்பும். இந்தியாவில் ‘தாமஸ்’ என்று எழுதுவதை நாங்கள் ‘தோமஸ்’ என்போம், மலையாள வீட்டில் அவர் ‘தோமா’. ‘மறியம்மா’ இங்கே ‘மரியம்மா’ ஆகியிருப்பார், பாடசாலையில் ‘மேரி டீச்சர்’ ஆகியிருப்பார். ‘மோளி’, ‘லில்லி’ என்று செல்லப் பெயரே ஊரில் நின்றிருக்கும். தேடும்போது எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள். மலரில் முழுப் பெயரை ஒரு முறை, குடும்பத்தார் எழுதுகிற விதத்திலேயே போடுங்கள். மற்ற இடங்களில் பிள்ளைகள் கூப்பிட்ட பெயரே போதும்.

‘கேரளத்திலிருந்து 1952ல் வந்தார்’ என்ற வசனம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் 1952ல் கேரளம் என்ற மாநிலம் இல்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1ல் ஒன்றாகித் திருவிதாங்கூர்-கொச்சி ஆயின. மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. மூன்றும் சேர்ந்து கேரளம் ஆனது 1956 நவம்பர் 1ல். அவருடைய சான்றிதழ்கள் எந்தப் பெயரில் இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. பட்டதாரி என்றால், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937ல் தொடங்கியது, 1957ல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 37க்கு முன் பட்டம் பெற்றவர்கள், மலபார்க்காரர்கள் ஆகியோரின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கும். பெயருக்குப் பின்னால் எல்.ரி. அல்லது பி.ரி. என்று இருந்தால் அது ஆசிரியப் பயிற்சித் தகைமை. அதைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். பட்டத்தோடு பயிற்சியும் பெற்று வந்தவர் என்பதற்கு அதுதான் சான்று.

பிறந்த திகதியில் இன்னொரு சிக்கல். திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். சிங்ஙம் மாதம், அதாவது ஓகஸ்ட் நடுப்பகுதியில், அந்த ஆண்டு பிறக்கும். சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடிய உள்ள திகதிகளுக்கு 824ஐக் கூட்டவேண்டும், ஜனவரியிலிருந்து அடுத்த ஓகஸ்ட் நடுப்பகுதி வரை 825ஐக் கூட்டவேண்டும். ‘1105 மீனம்’ என்று இருந்தால் அது 1930 மார்ச்-ஏப்ரல். ‘1105 கன்னி’ என்றால் 1929 செப்டெம்பர்-ஒக்டோபர். ஒரே எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் ஒரு வருடம் பிசகும். ஞானஸ்நானப் பதிவில் உள்ள நாளும் பள்ளிச் சான்றிதழில் உள்ள நாளும் ஒத்துப்போகாவிட்டால் ஞானஸ்நானப் பதிவை நம்புங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அங்கேயும் இங்கேயும் இருந்த வழக்கம்தான்.

அவர் வந்த பாதையை எழுதுங்கள். மலர்களில் இது ஒரு வரியில் கழிந்துவிடுகிறது, ஆனால் ஒரு இளம் பெண் தனியாக வந்த அந்தப் பயணம் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவாக இருந்திருக்கும். 1950களில் வழக்கமான பாதை இது: மதுரைப் பக்கமாக இராமேஸ்வரம் தீவுக்கு ரயில், தனுஷ்கோடித் துறையில் கப்பல், இந்தப் பக்கம் தலைமன்னார். அங்கிருந்து ரயிலில் மதவாச்சி, பிறகு தெற்கே இறங்கி மாகோ, அங்கே மட்டக்களப்புப் பாதைக்கு மாறிக் கல்லோயா, கல்லோயாவில் பிரிந்து திருகோணமலை. வரைபடத்தில் பார்த்தால் தலைமன்னாரும் திருகோணமலையும் ஏறக்குறைய நேர் எதிரே இருக்கின்றன, ரயில் பாதை மட்டும் தீவின் நடுவரை இறங்கி ஏறுகிறது. அநுராதபுரத்தில் இறங்கி பஸ்ஸில் வந்தவர்களும் உண்டு. எந்த வழி என்று குடும்பத்தில் கேளுங்கள்.

இந்தப் பாதையே ஞாபகங்களைச் சோதிக்கவும் உதவும். தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22-23 இரவில் சூறாவளியில் அழிந்தது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்துதான். ‘1968ல் தனுஷ்கோடி வழியாக ஊருக்குப் போனார்’ என்று யாராவது சொன்னால், ஒன்றில் வருடம் பிழை, அல்லது இடம் பிழை. பொதுவாகவே வயதானவர்களிடம் ‘எந்த வருடம்?’ என்று கேட்காதீர்கள். வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கேட்டால் மரியாதைக்காக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ‘பிரித்தானியக் கடற்படை போனதற்கு முன்னா பின்னா?’ என்று கேட்டால் அது 1957. ‘பாடசாலையை அரசாங்கம் எடுத்த பிறகா?’ என்றால் 1960 டிசம்பர். ‘சூறாவளிக்கு அவர் இங்கே இருந்தாரா?’ என்றால் 1964. ‘நீங்கள் அப்போது எத்தனையாம் வகுப்பு?’ என்ற கேள்வி எல்லாவற்றிலும் நம்பத்தக்கது. சேர்விடாப்போடு அதை ஒப்பிட்டுவிடலாம்.

குடியுரிமை விடயத்தை மலர்க்குழுக்கள் தொடப் பயப்படுகின்றன. தொடாமல் எழுதினால் அவருடைய வாழ்க்கை விளங்காது என்பது என் உறுதியான கருத்து. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்தவர்களை வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் அதற்கு 1946 ஜனவரி 1க்கு முன்னரே தொடர்ச்சியாக, மணமானவர் என்றால் 7 வருடமும் மற்றவர்கள் 10 வருடமும் இங்கே வசித்திருக்கவேண்டும். 50களில் வந்த டீச்சருக்கு அந்த வாசல் இல்லை. அவர் வதிவிட அனுமதியோடு இருந்திருப்பார், அல்லது இலங்கையரை மணந்து பதிவு மூலம் குடியுரிமை பெற்றிருப்பார், அல்லது கடைசிவரை இந்தியக் கடவுச்சீட்டோடே இருந்திருப்பார். இந்த மூன்றில் எது என்பதைக் கண்டுபிடித்தால் மற்றப் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். ஏன் பத்து வருடம் ஊருக்குப் போகவில்லை, ஏன் உப அதிபர் பதவிக்கு அவர் பெயர் வரவில்லை, ஏன் ஓய்வுபெற்றதும் உடனே திரும்பிப் போனார் என்பவையெல்லாம் குணத்தைப் பற்றிய கேள்விகளாக ஊரில் பேசப்பட்டிருக்கும். காரணம் ஒரு அனுமதிப் பத்திரமாக இருந்திருக்கலாம். குடும்பத்திடம் பழைய கடவுச்சீட்டு இருந்தால் முத்திரைப் பக்கங்களைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். வந்து போன நாட்கள் எல்லாம் அதிலேயே இருக்கும்.

இனி வகுப்பறை. ஒரு மொழி ஆசிரியையின் வாழ்க்கை நடந்த இடம் அதுதான், மலரில் பாதி இடம் இதற்குப் போகவேண்டும். ‘டீச்சர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘நல்லவர், கண்டிப்பானவர், அன்பானவர்’ என்ற மூன்று சொல்தான் வரும். அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். முதல் நாள் வகுப்புக்குள் வந்து முதலில் என்ன சொன்னார்? கரும்பலகையில் எந்த மூலையில் திகதி எழுதினார்? சொல்வதெழுதலுக்கு எத்தனை சொல்? பிழையைத் தானே திருத்தினாரா, அடியில் கோடு மட்டும் போட்டு உங்களைத் திருத்தச் சொன்னாரா? கொப்பி எந்தக் கிழமை திரும்பி வரும்? எந்தக் கவிதையை மனனம் செய்யவைத்தார், இப்போது எத்தனை வரி சொல்வீர்கள்? தமிழில் விளக்கம் சொன்னாரா, மறுத்தாரா? இப்படிக் கேட்டால் எழுபது வயது மாணவி எழும்பி நின்று செய்து காட்டுவார்.

இதில் மொழி தெரிந்தவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. எங்கள் பக்கத் தமிழில் ‘காற்று’, ‘பற்று’ என்ற சொற்களில் வரும் ‘ற்ற’வை நாநுனியை மேற்பல் முரசில் ஒற்றிச் சொல்கிறோம். மலையாளத்திலும் அதே ஒலி அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிக்கற்’ என்ற சொல்லின் கடைசி ஒலிக்கு இது மிக நெருக்கம். நாங்கள் அதை றகரத்தால் எழுதுகிறோம், மலையாளத்தாரும் தங்கள் இரட்டை றகரத்தால்தான் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அது ‘டிக்கெட்’ ஆகிவிடும். ஆகவே மலையாள டீச்சரின் ஆங்கிலம் திருகோணமலைப் பிள்ளையின் காதுக்கு நினைப்பதைவிடக் கிட்டவாக இருந்திருக்கும்.

மற்றப் பக்கம், தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்கும் என்பது மலையாளிக்குச் சட்டென்று தெரியும். தமிழில் ‘ப’ ஒரே எழுத்து. குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டிக்கான ஆங்கிலச் சொல்லையும் எழுதச் சொன்னால் இரண்டும் ‘பின்’ தான். மலையாள எழுத்தில் அவை வெவ்வேறு. இதைப் படிப்பிக்கச் சில பழைய வழிகள் உண்டு. வாய்க்கு முன்னால் ஒரு விரலகலக் கடதாசித் துண்டைப் பிடித்தால், குண்டூசிச் சொல்லுக்குக் காகிதம் ஆடும், தொட்டிச் சொல்லுக்கு ஆடாது. தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும் ஒலியும் தெரியாத ஒலியும் பிரியும். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் தானாக வந்து ஒட்டுகிற ‘இ’யை எடுக்க, முதல் ஒலியைப் பாம்பு சீறுவதுபோல நீட்டச் சொல்வார்கள். உங்கள் டீச்சர் இவற்றில் எதைச் செய்தார், அல்லது தனக்கென்று என்ன வழி வைத்திருந்தார் என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். இன்று ஆங்கிலம் படிப்பிக்கிற இளம் ஆசிரியைக்கும் அது நாளைக் காலை வகுப்பில் உதவும்.

வாக்கியம் படிப்பித்த முறையையும் கேளுங்கள். 50களிலும் 60களிலும் தென்னாசியா முழுவதும் ஆங்கில வகுப்பு மாறிக்கொண்டிருந்தது. இலக்கண விதி சொல்லி மொழிபெயர்க்கிற முறை குறைந்து, வாக்கிய அமைப்பை வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை வந்தது. கரும்பலகையில் மூன்று நிரல் போட்டு, முதலாவதில் 4 எழுவாய், இரண்டாவதில் 3 வினை, மூன்றாவதில் 4 பொருள் எழுதினால் 48 வாக்கியங்கள் சொல்லலாம். மாணவிகள் ‘பெட்டி போட்டுப் படிப்பித்தவர்’ என்று சொன்னால் அநேகமாக இதுதான். பயிற்சிக் கல்லூரியிலிருந்து புதிய முறையோடு வந்தவரா, பழைய முறையில் நின்றவரா என்பதை அந்தக் கரும்பலகை காட்டிவிடும். இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1945க்குப் பின் தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு ஏற, ஆங்கிலம் எல்லாப் பாடத்துக்கும் ஊடகமாக இருந்த நிலை போய் ஒரு பாடமாகச் சுருங்கியது. 1956ல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி ஆனது. ஆங்கிலம் படிப்பிக்க வந்தவருக்கு, தான் நம்பி வந்த பாடத்தின் இடம் கண் முன்னாலே மாறியது. பழைய நேரசூசிகள் இருந்தால் கிழமைக்கு எத்தனை பாடவேளை என்று வருடவாரியாக எண்ணிப் பாருங்கள்.

அவருடைய தமிழைப் பற்றியும் எழுதுங்கள். தண்ணீரை ‘வெள்ளம்’ என்று கேட்டாரா? வீட்டில் யாரோடு எந்த மொழி? பிள்ளைகள் அவருடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் அதையும், அவர் அதை எப்படி எடுத்தார் என்பதோடு சேர்த்து எழுதலாம். அது இழிவு அல்ல. இன்னொரு மொழிக்குள் வாழ வந்தவர் தினமும் செலுத்திய விலை அது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம் வந்தபோது அவருக்கு அது விளங்கியிருக்கும்.

படங்கள். குழுப்படத்தை மட்டையிலிருந்து கழற்றாதீர்கள். மட்டையிலுள்ள ஸ்ரூடியோ முத்திரையும் பின்பக்க எழுத்தும் காலத்தைச் சொல்லும், அவற்றையும் படமெடுங்கள். ஸ்கான் செய்வதென்றால் படத்துக்கு 600, எழுத்துக்கு 300 டிபிஐ போதும். ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் அல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கவேண்டாம், இருந்த இடத்திலேயே எடுங்கள். கைபேசியால் எடுப்பவர்கள் யன்னல் பக்க வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், மேலே நேராக நின்று எடுக்கவேண்டும். ஆட்களை அடையாளம் காண, படத்தின் பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் இலக்கமிட்டு மூன்று மாணவிகளிடம் தனித்தனியே காட்டுங்கள். கூட்டமாக இருந்து பார்த்தால் முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். இருவராவது ஒத்த பெயரை மட்டும் அச்சில் போடுங்கள். பழைய இடாப்புகளுக்கு லமினேற் வேண்டாம், செலோரேப் வேண்டாம். திருகோணமலையின் கடற்காற்று ஈரத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரியும். நிலத்தில் முட்டாமல், சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் கறையானிடமிருந்து தப்பலாம்.

குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கலியாணம், நோய், சொத்து, மதம் மாறியது போன்றவற்றைக் குடும்பம் சொல்லச் சம்மதித்தால் ஒழிய எழுதக்கூடாது. அடையாள அட்டை இலக்கம், உயிரோடிருப்போரின் விலாசம் எதுவும் படத்தில் தெரியாமல் மறையுங்கள்.

எழுதும்போது ஒரு மூன்று நிரல் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்: தகவல், சொன்னவர், ஒத்துப்பார்த்த ஆவணம். மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் தகவலை ‘மாணவிகள் நினைவுகூர்கிறார்கள்’ என்று எழுதுங்கள், உண்மை என்று எழுதாதீர்கள். ‘ஆங்கில அறிவை அள்ளி வழங்கிய அறிவுச் சுரங்கம்’ என்ற வசனத்தை எந்த டீச்சருக்கும் ஒட்டலாம், ஆகவே அது யாருக்கும் உரியதல்ல. ‘சொல்வதெழுதலில் பத்துக்கு ஆறு எடுத்த பிள்ளை மற்ற நாலு சொல்லையும் வைத்து நாலு வசனம் எழுதி மறுநாள் கொண்டுவரவேண்டும்’ என்பது போன்ற வசனம் ஓர் ஆளை மட்டும் காட்டும். அப்படிப் பதினைந்து வசனம் கிடைத்தால் கட்டுரை தானாக நிற்கும். 1,500 சொல்லுக்கு மேல் நீட்டாதீர்கள். வருடக் குறிப்பை ஒரு சிறு பெட்டியில் தனியாகப் போட்டால் கட்டுரை வருடங்களைச் சுமக்கத் தேவையில்லை.

அச்சகத்தில் கடைசி ஆபத்து ஒன்று இருக்கிறது. இன்னும் பல இடங்களில் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் பக்கம் அமைக்கிறார்கள். யுனிகோட்டிலிருந்து மாற்றும்போது ‘ஸ்ரீ’, இலக்கங்கள், மேற்கோள் குறிகள் எல்லாம் உடையும், மலையாளப் பெயர்களில் ஒற்றுக்கள் இடம் மாறும். மாற்றிய பிறகு வரும் படியைத்தான் பிழை பார்க்கவேண்டும், நீங்கள் கொடுத்த படியை அல்ல. யுனிகோட் மூலப்படியை ஸ்கான்களோடு சேர்த்து இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று பாடசாலைக்கு வெளியே இருக்கட்டும். மலர் வந்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும், ஒன்றைக் கேரளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கும் அனுப்புங்கள். அச்சுக்கு விடுவதற்கு முதல் நாள், அவருடைய பெயர், வீட்டுப் பெயர், பிறந்த ஊர் மூன்றையும் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டி, அவர்கள் ‘சரி’ என்ற பிறகு கையெழுத்திடுங்கள்.